மாசிலாமணியின் முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு

நெடுங்கரம்பை சட்டமன்றத் தொகுதியில் கோ. மாசிலாமணி ஒரு தேர்தலில்கூடத் தோற்றதில்லை என்றொரு நம்பிக்கை மக்களிடையே, குறிப்பாக அந்தத் தொகுதியில் ஒருநாளும் கால் வைத்திராத மக்களிடையே, ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பேருந்து நிலையத்துக் கல்வெட்டில்கூட ‘தோல்வி அறியாத் தலைவர்’ என்றே பொறித்துவைத்திருக்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளர விடுவது வருங்காலத் தலைமுறைக்குச் செய்கிற துரோகம் என்பதால், மிகுந்த பொறுப்புணர்வோடு அதை இங்கே திருத்துகிறேன். அவர் நான்கு முறை தோற்றிருக்கிறார். அதில் ஒரு முறை, தோற்கவே முடியாத இடத்தில் தோற்றிருக்கிறார். கல்வெட்டில் பொறித்திருக்க வேண்டியது வேறொன்று: எட்டுத் தேர்தல்களில் நின்ற மாசிலாமணிக்கு எட்டிலும் கிடைத்த வாக்குகள் முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவும் இல்லை.

1977-இல் ஏணிச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று அவர் ஜெயித்தபோது அந்த எண்ணை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஓர் எண்ணைக் கவனிப்பதற்கு அது இரண்டாவது முறையும் வர வேண்டியிருக்கிறது. 1980-இல் ஒரு கட்சியில் சேர்ந்து நின்று, அதே எண்ணை வாங்கி, பதினோராயிரம் வித்தியாசத்தில் தோற்றார். தட்டச்சு செய்த எழுத்தர் பழைய தாளைப் பார்த்து அடித்துவிட்டார் என்று தாலுகா அலுவலகத்தில் முடிவுகட்டி, அந்த அப்பாவியிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். 1984-இல் அந்தக் கட்சியிலிருந்து பிரிந்த கட்சியில் நின்று மறுபடியும் தோற்ற அன்றுதான், முதல் தேர்தலிலிருந்தே அவருக்கு வாக்கு எண்ணிக்கை முகவராக இருந்த பக்கிரிசாமி, சட்டைப் பையிலிருந்து ஏழு வருடப் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்து விரித்தார்.

“அண்ணே, இது நம்ம பழைய நம்பர்.”

“எந்த நம்பர்?”

“நீங்க ஜெயிச்ச நம்பர்.”

“ஜெயிச்ச நம்பரை வச்சுக்கிட்டு எப்படிடா தோக்கறது?” என்று கேட்டார் மாசிலாமணி. இருபத்திரண்டு வருடங்களுக்கு அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

1989-இல் நான்கு முனைப் போட்டி வந்து எதிர்ப்பு வாக்குகள் சிதறியதால் அதே எண்ணை வைத்துக்கொண்டு ஜெயித்தார், 1991-இல் எதிர்க்காற்று அடித்துத் தோற்றார், ஆனால் மாநிலமே சருகாகப் பறந்த அந்தக் காற்றில் அவருடைய வாக்குகளில் ஒன்றுகூட இடம்பெயரவில்லை. 1996-இல் காற்று அவர் பக்கமே திரும்பியது, பக்கத்துத் தொகுதியில் தனக்கும் கழுதைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று மேடையிலேயே ஒப்புக்கொண்ட ஒருவர் அதே சின்னத்தில் நாற்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார், மாசிலாமணி மட்டும் முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு வாங்கித் தோற்றார். கட்சித் தலைமை அவரைக் கூப்பிட்டு, எப்படி இது முடிந்தது என்று கோபமாக அல்ல, உண்மையான ஆர்வத்தோடு விசாரித்தது.

இதற்கான காரணம் பற்றித் தொகுதியில் நான்கு கொள்கைகள் உண்டு. நான்கும் தவறு. ஐந்தாவது என்னுடையது, அதையும் கைவிட்டுவிட்டேன்.

காரணத்தைவிட, ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் எழுதிவைக்கத் தக்கது. அந்த வருடங்களில் வாக்காளர் பட்டியல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, கிழவர்கள் இறந்தார்கள், பெண்கள் வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள், வேற்றூர்ப் பெண்கள் மருமகள்களாக வந்தார்கள், வாலிபர்கள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போனார்கள், அத்தனைக்கும் எண் அசையவில்லை என்றால் போனவர் வாக்கு இருப்பவர் யார்மீதோ இறங்குகிறது என்றுதானே பொருள், ஆகவே துக்க வீட்டில், பாடை கட்டுவதற்கு முன்பாகவே, “நல்ல மனுசன், இவரு ஓட்டு யாரு மேல எறங்கப் போவுதோ” என்று மெல்லக் கேட்டுக்கொள்வது அங்கே மரியாதை ஆயிற்று. தகனம் முடிந்த மறுநாள் காலையில் யாருக்காவது காரணமில்லாமல் வாய் கசந்தால், இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு அவர் பல் துலக்கிவிட்டு வேலைக்குப் போனார். பெண் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரம், கோத்திரம், சர்க்கரை வியாதி எல்லாம் விசாரித்த பிறகு, “பொண்ணு எண்ணுக்கு உள்ளேயா, வெளியேயா?” என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள், பெண் வீட்டார் ஒரு சம்பிரதாயத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்தார்கள்.

பதில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ‘சொன்னால் செல்லாது’ என்பது நெடுங்கரம்பையின் உறுதியான நம்பிக்கை. யாருக்குப் போட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னால் அந்த வாக்கு எண்ணிலிருந்து உதிர்ந்துவிடும், உதிர்ந்த இடத்தை நிரப்ப, பாவம், யாரோ ஒரு மூன்றாம் மனிதரின் மனம் பாதி வழியில் திருப்பப்படும், அடுத்தவர் மனத்தை அப்படிக் கெடுப்பது அடுத்தவர் கிணற்றில் கல்லைப் போடுவதற்குச் சமம். இது தவறான நம்பிக்கை; சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் வாக்கின் ரகசியத்தை வேறெங்கும் எத்தனை விளம்பரங்களாலும் காப்பாற்ற முடியாத நாட்டில், கணவன் மனைவியிடமும் மாமியார் மருமகளிடமும் வாய் திறக்காத ஒரே தொகுதி நெடுங்கரம்பைதான். அரசுக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவர் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் புறப்பட்டு, ஆயிரத்து நூறு வீடுகளில் மோர் குடித்துவிட்டு, ஒரு தகவலும் இல்லாமல் திரும்பினார்.

தன் வாக்கைக் கூட்ட முடியாது என்று தெரிந்துகொண்ட அரசியல்வாதி என்ன செய்வார்? மற்றவர்கள் வாக்கைப் பிரிப்பார். 2001-இல் எல்லா வேட்பாளர்களும் வாக்கு கேட்டுப் போனார்கள், மாசிலாமணி மட்டும் வேட்பாளர் கேட்டுப் போனார். காலையில் குளித்து, வெள்ளை உடுத்தி, தெருத்தெருவாக நடந்து, கொஞ்சம் செல்வாக்கும் நிறையக் கோபமும் உள்ளவர்களாகப் பார்த்துக் கைகூப்பி, தயவுசெய்து என்னை எதிர்த்து நில்லுங்கள் என்று கேட்டார். பதினோரு பேர் நின்றார்கள். அவர் ஜெயித்தார். அது மக்களாட்சி இல்லை என்று எதிர்க்கட்சிகள் சொன்னபோது, போட்டியாளர்களை இத்தனை மதித்த இன்னொரு தலைவரைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றார் பக்கிரிசாமி.

ஜெயித்தாலும் மாசிலாமணி சந்தோஷமாக இல்லை. முதல் பதவிக் காலத்தில் அவர் கால்நடை மருத்துவமனை கொண்டுவந்தார், காட்டாற்றுக்குப் பாலம் கட்டினார், ஒரு வாக்கு ஏறவில்லை. இரண்டாவது பதவிக் காலத்தில் மனம் வெறுத்து ஒரு வேலையும் செய்யாமல் வீட்டில் படுத்துக்கிடந்தார், ஒரு வாக்கு இறங்கவும் இல்லை. எல்லாத் தலைவர்களுக்கும் மக்கள் வாக்குப் போடுகிறார்கள். தனக்குப் போடுவது மக்களா, அந்த எண்ணா? முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு பேரில் ஒரே ஒருவராவது, இறங்கிவந்த வாக்கை வாய்க்கசப்போடு போட்டுவிட்டுப் போகாமல், இந்த ஆள்தான் வேண்டும் என்று நினைத்துப் போட்டிருப்பாரா? இதை அவர் எல்லோரிடமும் கேட்க விரும்பினார். கேட்க முடிந்தது ஒருவரிடம்தான்.

அவர் மனைவி செங்கமலம். ஒவ்வொரு தேர்தலிலும் இருவரும் ஒன்றாகவே போய், பெண்கள் பள்ளியில் இருக்கும் பதினேழாம் எண் சாவடியில் வாக்களித்துவிட்டு ஒன்றாகவே திரும்புவார்கள். வீட்டுப் படியேறும்போது அவர் கேட்பார்:

“யாருக்குப் போட்ட?”

“சொன்னா செல்லாது.”

“நான் உன் புருசன்டீ.”

“வேட்பாளருங்க நீங்க. வாக்காளர்கிட்ட இப்படிக் கேக்கறதே குத்தம். மேல கம்ப்ளெய்ன்ட் எழுதிப் போட்டுருவேன்.”

எட்டுத் தேர்தல்களிலும் இதே உரையாடல்தான் நடந்தது. எட்டாவது முறை அவருக்கு வயது அறுபத்தெட்டு, குரலில் கேலி இல்லை. “இதுதான்டீ கடைசி. இனிமே நிக்க மாட்டேன். ஒருத்தராவது எனக்கே எனக்குன்னு போட்டாங்கன்னு தெரிஞ்சா நிம்மதியாக் கெடப்பேன்” என்றார். செங்கமலம் ஆட்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டி, நகத்திலிருந்து முதல் கணு வரைக்கும் இழுத்திருந்த கறுப்பு மையைக் காட்டினாள். “போட்டிருக்கேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்றுவிட்டு உள்ளே போனாள்.

அது 2006, திங்கட்கிழமை. வியாழக்கிழமை வாக்கு எண்ணிக்கை.

இந்த முறை மாசிலாமணி கேட்டு வாங்கிய எதிர் வேட்பாளர்களில் ஆரோக்கியசெல்வி என்றொரு ஊராட்சித் தலைவி இருந்தார். கடலோரக் குப்பத்துப் பெண், வயது நாற்பது, குடிநீர்க் குழாய்க்காக ஒரு பொறியாளரை அலுவலகத்துக்குள் வைத்து வெளியில் பூட்டியவர். மாசிலாமணி அவர் வீடு தேடிப் போயிருந்தார்.

“நான் எதுக்குய்யா நிக்கணும்?”

“நீ நின்னாத்தாம்மா நான் ஜெயிக்க முடியும்.”

“நானே ஜெயிச்சுப்புட்டா?”

“அது உன் சாமர்த்தியம்” என்று சிரித்தார் மாசிலாமணி. ஆரோக்கியசெல்வி சிரிக்கவில்லை, மறுநாளே பிரச்சாரத்தைத் தொடங்கிவிட்டார்.

பாலிடெக்னிக் கூடத்தில் எண்ணிக்கை நடந்தது. தேர்தல் நடத்தும் அலுவலர் கிருபாகரன் என்ற இளைஞர், வெளி மாவட்டத்துக்காரர், இந்த விஷயங்கள் எதுவும் அறியாதவர். ஒவ்வொரு சுற்றிலும் மாசிலாமணியின் எண்ணை ஒலிபெருக்கியில் அவர் வாசித்தபோது கூடத்தில் யாரும் காது கொடுக்காமல் முறுக்கு தின்றுகொண்டிருப்பதையும், ஆரோக்கியசெல்வியின் எண்ணை வாசித்தபோது மட்டும் எல்லா வாய்களும் நின்றுவிடுவதையும் அவர் குழப்பத்தோடு கவனித்தார். கடைசிச் சுற்றும் முடிந்தது. மாசிலாமணி முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு. ஆரோக்கியசெல்வி முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு.

மறு எண்ணிக்கை நடந்தது. அதே எண்கள்.

“அவங்க வாக்கை வேணும்னா இன்னொரு தடவை எண்ணுங்க சார். எங்க அண்ணன் வாக்கை எண்ண வேணாம். அது அதான்” என்றார் பக்கிரிசாமி.

“அது எப்படி உங்களுக்கு முன்னாடியே தெரியும்?”

“இருபத்தொன்பது வருசமாத் தெரியும் சார்.”

கிருபாகரன் சட்டப் புத்தகத்தை விரித்து வாசித்தார். இரு வேட்பாளர்களுக்குச் சமமான வாக்குகள் கிடைத்தால் அங்கேயே குலுக்கல் நடத்த வேண்டும். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவர் கூடுதலாக ஒரு வாக்குப் பெற்றவராகக் கருதப்படுவார். கடைசி வரியை வாசித்ததும் கூடத்தில் முறுக்குக் கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. பக்கிரிசாமி கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“சார், எங்களுக்கு அந்த ஒரு ஓட்டு வேணாம் சார். சும்மா ஜெயிச்சதா எழுதிக்கிடுங்க.”

“அப்படி எழுத முடியாதுங்க. சட்டம்.”

“கூடாது சார். எங்க ஆளுக்கு ஒண்ணு கூடுச்சுன்னா எங்கயோ யாருக்கோ ஒண்ணு கழியும். யாரு வீட்டுலன்னு யாருக்குத் தெரியும்?”

“வாய மூடு பக்கிரி” என்றார் மாசிலாமணி. அவர் காதுகள் சிவந்திருந்தன. இருபத்தொன்பது வருடங்களில் முதல் முறையாக அவரை நோக்கி ஒரு புதிய வாக்கு புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அது யாரும் போடாத வாக்கு என்பதோ, சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி வருகிறது என்பதோ அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. “குலுக்குங்க சார்.”

மறுநாள் பத்திரிகைகள் இதைக் குடவோலை முறை என்று எழுதின. தவறு. குடமும் இல்லை, ஓலையும் இல்லை. அலுவலரின் மேசையிலிருந்த பச்சை நிற பிளாஸ்டிக் தண்ணீர் ஜக், கணினித் தாளைக் கிழித்த இரண்டு துண்டுகள். மின்சாரம் போனால் சரிசெய்வதற்காக வந்திருந்த வயர்மேன்தான், கட்சி சாராதவர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் என்பதால், ஜக்குக்குள் கைவிட்டார். மணி மூன்று பத்து. மாசிலாமணியின் பெயர் வந்தது.

கிருபாகரன் 31,407 என்று எழுதினார். “எழுத்தாலும் எழுதுங்க சார்” என்று கேட்டார் மாசிலாமணி. முப்பத்தோராயிரத்து நானூற்று ஏழு என்று எழுத்தாலும் எழுதி, வெற்றிச் சான்றிதழில் கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, அலுவலர் கொடுத்தார். மாசிலாமணி அந்தக் கடைசிச் சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே நின்றார், மை காய்கிற வரைக்கும் அது ஓடிவிடாமல் பார்த்துக்கொள்கிறவர்போல.

அப்போது கணினியில் எண்களைப் பதிந்துகொண்டிருந்த பெண் எழுந்து, “சார், கூட்டல் இடிக்குது” என்றார். பதினேழாம் எண் சாவடியின் இயந்திரத்தில் மாசிலாமணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு என்று இரண்டு முறை எண்ணி இரு தரப்பு முகவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் இருநூற்றுப் பதினொன்று என்றது. மூன்று முறை அழுத்தினார்கள். இருநூற்றுப் பதினொன்று. சட்டம் கொடுத்த ஒன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு.

“குலுக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு ஒண்ணு கம்மின்னா, அப்ப நாந்தான ஜெயிச்சிருக்கேன்?” என்றார் ஆரோக்கியசெல்வி.

“முடிவை அறிவிச்சு சான்றிதழும் கொடுத்தாச்சும்மா. இனி எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க நீதிமன்றத்துக்குப் போகலாம்.”

“போயி என்னன்னு எழுதிக் குடுக்கறது? போட்ட ஓட்டு பறந்துபோச்சுன்னா?” ஆரோக்கியசெல்வி மாசிலாமணியைப் பார்த்து, “அடுத்த தடவை நீங்க என்னை நிக்கச் சொல்ல வேணாம்யா, நானே நிக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு போனார்.

கிருபாகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் படிவத்தில் எந்த எண்ணை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் அரசிதழில் வந்த வெற்றி வித்தியாசம் பூஜ்யம் என்றிருப்பதை ஆர்வமுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வெளியே செய்தி பரவி, ஜனங்கள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். உதிர்ந்தது யார் வாக்கு? வாக்கு போனால் விரல் மையும் கூடவே போயிருக்க வேண்டுமே. பதினேழாம் சாவடிக்காரர்கள் சுவரோரமாக வரிசையில் நின்று விரல்களைக் காட்டினார்கள். எல்லா விரலிலும் மை இருந்தது. ஊர்வலத்துக்கு வந்திருந்த பறைக்காரர்கள் மாசிலாமணி வீட்டுத் தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சி, அடித்துப் பார்த்துச் சுருதி சேர்த்து வைத்திருந்தார்கள். மாலையை மாற்றி வந்துவிடுகிறேன், ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு மாசிலாமணி வீட்டுக்குள் போனார்.

செங்கமலம் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை நாட்களில் ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் தேங்காய்ப்பால் சோறு செய்வாள்.

“ஜெயிச்சாச்சு” என்றார்.

“கேட்டுச்சு, வெடிச் சத்தம்.”

“ஒரு ஓட்டு கூடக் குடுத்தாங்க. குடுத்த உடனே ஒண்ணு கொறஞ்சுபோச்சு. நம்ம சாவடியில.”

செங்கமலம் துருவுவதை நிறுத்தவில்லை. மாசிலாமணி குனிந்து அவள் இடது கையைப் பிடித்தார். ஆட்காட்டி விரலில் நகம் வெள்ளையாக இருந்தது. நகத்தடியில், கணுவில், தோல் மடிப்பில், எங்கேயும் மை இல்லை.

“எப்ப போச்சு?”

“மூணு மணிக்கு மேல இருக்கும். ரெண்டாவது மூடி எடுத்தேன், பார்த்தா இல்ல. புளியும் போடல, எலுமிச்சையும் போடல.”

அவர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் தரையிலேயே, தேங்காய் நாருக்குப் பக்கத்தில், சட்டமன்ற உறுப்பினரின் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தார்.

“அப்ப நீ எனக்குத்தான் போட்டிருக்க.”

“சொன்னா செல்லாது.”

“அதான் செல்லாமப் போயிருச்சேடீ. இப்பச் சொல்லேன்.”

செங்கமலம் துருவியைத் தள்ளிவைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். “எட்டுத் தடவையும்தான்” என்றாள்.

“எண்ணு போட வச்சுதா, நீயாப் போட்டியா?”

“முத்திரை குத்துனது நானு, பட்டனை அமுக்குனது நானு. எண்ணா வந்து அமுக்குச்சு?”

“வாய் கசந்துதா?”

“ஒரு தடவை கசந்துச்சு. அது அஞ்சாவது தேர்தல், காலையில வேப்பங்குச்சியில பல்லு வெளக்கியிருந்தேன்.”

“எதுக்குப் போட்ட?”

“வேற யாருக்குப் போடறது? எதுத்து நின்ன அத்தனை பேரும் உங்களவிட மோசம், கடைசி ரெண்டு தடவை நின்னவங்க நீங்களே பொறுக்கிக்கிட்டு வந்த ஆளுங்க” என்றாள் செங்கமலம். துருவலைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டபடி, “இந்தத் தடவை அந்தக் குப்பத்துப் பொண்ணு தேவலாம். அப்பவும் மனசு கேக்கல” என்றாள்.

மாசிலாமணி அதன்பிறகு என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்பது பற்றி என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. வாசலில் நின்ற பக்கிரிசாமி, அடுக்களைக் கதவு உள்ளே தாழிடப்பட்டது என்பதற்கு மேல் எதையும் சொல்ல மறுத்துவிட்டார்.

ஊர்வலம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அதற்குள் தோல் தளர்ந்துவிட்டதால், பறைகளை மறுபடியும் ஒருமுறை காய்ச்ச வேண்டியிருந்தது.